அக்டோபரில் பூத்த ஸ்னோட்ராப் (குளிர்காலத்தில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ), எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

வணக்கம். இங்கிலாந்தின் தெற்கில் இருக்கிறேன், சின்னத் தோட்டம்தான். போன வருடம் ஒரு செடிச் சந்தையில் ‘ரெஜினே ஓல்கே’ (இலையுதிர் காலத்தில் பூக்கும் ஸ்னோட்ராப் இனம்) என்று சீட்டு வைத்திருந்த மூன்று கிழங்குகளை வாங்கி, சரளை நிறையக் கலந்து மண்சட்டியில் வைத்தேன். கோடையில் தண்ணீர் அதிகம் ஊற்றவில்லை. இந்த அக்டோபர் கடைசியில் ஒன்று பூத்துவிட்டது! ஜனவரிக்காகக் காத்திருக்கும் பூவை இலையுதிர் காலத்திலேயே பார்த்ததில் அத்தனை சந்தோஷம்.

சந்தேகம் இலையில்தான். கிரீஸில் வளரும் ரெஜினே ஓல்கே பெரும்பாலும் இலை வருமுன்னே பூக்கும், அப்புறம் வரும் இலையின் நடுவில் வெள்ளிக்கோடு பளிச்சென்று தெரியும். என்னுடையதில் பூவோடு சேர்ந்தே நகக்கண் அளவு இலை எட்டிப் பார்க்கிறது, கோடும் மங்கல், அதனால் துருக்கிப் பக்கத்து இனமான பெஷ்மேனியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. எல்வெசி என்ற இன்னோர் இனமும் இல்லை, அதில் ஓர் இலை இன்னொன்றைச் சுற்றிக்கொண்டு முளைக்கும், இதில் இரண்டும் தட்டையாக ஒட்டி நிற்கின்றன. உள்ளிதழ் நுனியில் பச்சைக்குறி ஒன்றே ஒன்று.

இலை முழுதாக வளர்ந்தபின் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமா? மற்ற இரண்டு கிழங்குகளும் இன்னும் முளைக்கவில்லை, தோண்டிப் பார்க்கலாமா, அப்படியே விடுவதா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள், படம் கேட்டால் உடனே போடுகிறேன்.