கார் வானொலியின் எண்திரையில் கோடுகள் மறைகின்றன: பெட்டியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: செந்தூல் வாசகி

அன்பர்களுக்கு வணக்கம். என் தந்தையார் 2005ஆம் ஆண்டிலிருந்து ஓட்டிவரும் காரில், வண்டியோடு வந்த வானொலிப் பெட்டிதான் இன்றும் இருக்கிறது. மூன்று மாதங்களாக அதன் எண்திரை சரியாகத் தெரிவதில்லை. ஒலியில் குறையில்லை, காலையில் 96.3இல் மின்னல் எஃப்எம் செய்தி தெளிவாகக் கேட்கிறது, பொத்தான்களும் சொன்னபடி கேட்கின்றன. திரையில் மட்டும் எண்களின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டதுபோல் காணாமல் போகிறது.

காலையில் வண்டியை எடுக்கும்போது ஓரளவு தெரியும். நண்பகலில் வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்தால், எந்த எண் என்றே சொல்ல முடியாத நிலை. முகப்பின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் எண்கள் முழுமையாகத் திரும்புகின்றன; விரலை எடுத்த சில வினாடிகளில் மறுபடியும் மறைகின்றன. இதைத் தவிர, இரவில் திரையின் வலது பாதியில் வெளிச்சமே இல்லை.

ஒரு துணைப்பொருள் கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், இதற்கெல்லாம் பாகம் கிடைக்காது என்று சொல்லி, தொடுதிரை வைத்த புதிய பெட்டிக்கு 450 ரிங்கிட் விலை சொன்னார்கள். பணம் ஒருபுறம் இருக்கட்டும். அப்பாவுக்கு எழுபதைக் கடந்துவிட்டது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பொத்தான்களைத் தடவியே நிலையம் மாற்றிப் பழகியவர். அவர் கையில் தொடுதிரையைக் கொடுப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

எனக்குச் சோல்டரிங் தெரியும், மல்டிமீட்டரும் வைத்திருக்கிறேன். ஆனால் கார் வானொலி எதையும் இதுவரை திறந்ததில்லை. திரைக் கண்ணாடியே கெட்டுவிட்டதா, அல்லது சரிசெய்யக்கூடிய கோளாறா என்பதைத் திறப்பதற்கு முன் அறிய வழி உண்டா?

மறுமொழி 1: கிள்ளான் அன்பர்

வணக்கம் சகோதரி. வெளிச்சக் குறைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வண்டியின் விளக்குகளைப் போட்டதும் பெட்டிக்கு ஒரு தனிக் கம்பி வழியாக மின்சாரம் செல்லும். பல பெட்டிகளில் அது ஆரஞ்சு நிறக் கம்பி. ஐஎஸ்ஓ இணைப்பானாக (பல கார் வானொலிகளின் பின்னால் இருக்கும் பொதுத்தரச் செருகியாக) இருந்தால் மின்வழங்கும் பகுதியின் 6ஆம் முனை அதற்குரியது. ஆனால் பாதித் திரை எரிந்து பாதி மட்டும் இருண்டிருப்பதால் கம்பியில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. உள்ளே இரண்டு பல்புகளில் ஒன்று போயிருக்கும்.

மறுமொழி 2: கெப்போங் பழைய வானொலித் தொழிலாளர்

வணக்கம் அம்மா. அழுத்தினால் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. கண்ணாடி கெட்டிருந்தால் அழுத்துவதால் எதுவும் திரும்பாது. எண்திரைக்குள் நீர்மப் படிகம் (எல்சிடி திரையில் எண்களைக் காட்டும் பொருள்) கசிந்திருந்தால் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு தெரியும், அது நாளுக்கு நாள் பரவும். வெப்பத்தால் படிகமே தற்காலிகமாகத் தன் தன்மையை இழந்தால் திரை முழுவதும் ஒரே நிறமாகிவிடும், குளிர்ந்ததும் தானே தெளியும். உங்கள் திரையில் இரண்டும் இல்லை. ஆகவே கோளாறு கண்ணாடிக்கும் மின்பலகைக்கும் நடுவில் இருக்கிறது.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கீழ்ப்பகுதி என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்தக் கோடு மறைகிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். ஓர் எண்ணுக்கு ஏழு கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனிக் கம்பி கொடுத்தால் பெட்டியில் இடம் போதாது என்பதால், கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பங்கிட்டு வைத்திருப்பார்கள். மூன்றோ நான்கோ பொதுத் தடங்கள் திரை முழுவதும் ஓடும். அவற்றுக்கு எதிரே ஒவ்வோர் எண்ணுக்கும் சில தனித் தடங்கள் இருக்கும். ஒரே ஓர் எண்ணில் இரண்டு மூன்று கோடுகள் போயிருந்தால் அதன் தனித் தடம் விட்டுப்போயிருக்கிறது. எல்லா எண்களிலும் ஒரே இடத்துக் கோடு போயிருந்தால் பொதுத் தடம் விட்டுப்போயிருக்கிறது. இது தெரிந்துவிட்டால் திறந்த பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்று தேடித் திரிய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிலர் கண்ணாடியின் விளிம்பில் நேரடியாக பேட்டரியை வைத்துக் கோடு தெரிகிறதா என்று சோதிப்பார்கள்; அதைச் செய்யவே கூடாது. இந்தத் திரைகள் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தில் இயங்குபவை. ஒரே திசையில் மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் படிகம் கெட்டுப்போகும். நல்ல திரையைச் சோதித்தே கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் வாசகி

மிக்க நன்றி, ஐயா. இரண்டு நாட்கள் கவனித்து வரைந்து பார்த்தேன். எல்லா எண்களிலும் அடிக்கோடு மட்டுமே போகிறது. 8 என்பது ஆங்கில எழுத்து ஏ போலவும், 0 என்பது கவிழ்த்துப் போட்ட ‘ப’ போலவும் தெரிகின்றன. 96.3இல் இருக்கும் புள்ளியும் அப்போது மறைகிறது. மற்றக் கோடுகள் எதுவும் ஒருமுறைகூட மறையவில்லை.

மறுமொழி 3: கெப்போங் பழைய வானொலித் தொழிலாளர்

அப்படியானால் பொதுத் தடம்தான், அம்மா. கோளாறு ஒரே ஒரு தொடர்பில் இருக்கிறது. அழுத்திய இடம் இடது ஓரம் என்பதால் அந்த முனையும் அங்கேயே இருக்க வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவதற்கு முன், வண்டிக் கையேட்டோடு வானொலியின் இரகசிய எண் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அந்த எண்ணைக் கேட்கும், தராவிட்டால் பேசாது. பெட்டியை வெளியே எடுத்து முகப்பைப் பிரித்தால், திரைக்குப் பின்னால் மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள்.

முதலாவது, கண்ணாடியின் விளிம்பிலிருந்து சீப்புப் பற்கள்போல் உலோகக் கால்கள் இறங்கிப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் ஈயம் வெடித்திருந்தால் காலைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும். சிறிது ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) வைத்து மறுபடி உருக்கினால் போதும். இரண்டாவது, ஒட்டப்பட்ட மெல்லிய பட்டை நாடா. உண்மையில் இதுதான் தொல்லை தருவது. சூடுகாட்டி மறுபடி ஒட்டினாலும் பலமுறை நிலைப்பதில்லை. மூன்றாவது, ஸீப்ரா ரப்பர். பார்ப்பதற்குச் சாதாரண ரப்பர் துண்டுபோல் இருக்கும்; பூதக்கண்ணாடியில் பார்த்தால் மின்கடத்தும் கறுப்பு அடுக்கும் கடத்தாத வெள்ளை அடுக்கும் மாறி மாறி வரிவரியாகத் தெரியும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்கி நிற்பதால்தான் அது தொடர்பைத் தருகிறது. வெயிலில் வெந்து ரப்பர் தளர்ந்தாலோ, இறுக்கிப் பிடிக்கும் தகரச் சட்டத்தின் காது (பலகையில் மாட்டித் திருகிவிடும் சிறு நாக்கு) நெகிழ்ந்தாலோ முதலில் ஓரத்து முனைதான் விட்டுப்போகும். உங்கள் பெட்டியில் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படி இருந்தால், சட்டத்தின் காதுகளைக் குறட்டால் மெல்ல நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று முறை திருகினால் முறிந்துவிடும். ரப்பரைச் சாமணத்தால் மட்டும் எடுங்கள், விரல் படக்கூடாது. பலகையில் உள்ள தடங்களையும் கண்ணாடியின் தொடர்பு விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கண்ணாடியின் முகத்தில் ஆல்கஹாலோ தின்னரோ படக்கூடாது, அங்கே ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் முனைவாக்கப் படலம் மங்கிப்போகும். பலகையைச் சுரண்டவும் வேண்டாம்.

செந்தூல் வாசகி

ஐயா, நேற்று முன்தினம் திறந்தேன். நீங்கள் சொன்னதுபோல் ஸீப்ரா ரப்பர்தான். தகரச் சட்டத்தில் மொத்தம் ஆறு காதுகள். இடது முனையில் இருந்த காது பலகையைத் தொடாமல், ஒரு தாள் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. அதற்கு நேர் கீழே இருந்த தடம் மட்டும் பழுப்பேறி, மற்றவை பளிச்சென்று இருந்தன. அந்த ஒரு தடத்தைப் பார்த்ததும் மூன்று மாதக் குழப்பம் தீர்ந்ததுபோல் இருந்தது.

துடைத்து மாட்டியதும் முதல் முறையில் அடிக்கோடுகள் வந்துவிட்டன. ஆனால் கடிகாரத்தின் இரண்டாவது எண்ணில் மூன்று கோடுகள் புதிதாக மறைந்தன. நீங்கள் விளக்கியபடி இது தனித் தடம் என்று புரிந்ததால் பதறவில்லை. மறுபடி பிரித்துப் பார்த்தபோது பஞ்சின் ஓர் இழை ரப்பருக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, இடது காதுக்கு உட்புறம் மெல்லிய காப்பு நாடாவை ஒரு மடிப்பு வைத்து இறுக்கினேன். இப்போது எல்லாக் கோடுகளும் தெரிகின்றன.

வலப்புறத்தில் பச்சை ரப்பர்த் தொப்பி போட்ட சிறு பல்பு கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பதில் எல்இடி வைக்கலாமா?

மறுமொழி 4: கெப்போங் பழைய வானொலித் தொழிலாளர்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அம்மா. எல்இடி வைக்கலாம், ஆனால் முதலில் பல்பின் இரு முனைகளிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று எஞ்சின் ஓடும்போது அளந்துகொள்ளுங்கள். சில பெட்டிகள் முழு மின்னழுத்தத்தையும் தரும், சில குறைத்துத் தரும். 14.4 வோல்ட் வருவதாக வைத்துக்கொண்டால், வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.2 வோல்ட் எடுக்கும்; மீதி 11.2. மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர், போதும் என்றால், 11.2ஐ அதனால் வகுக்க 1,120 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் 1.2 கிலோ ஓம், கால் வாட் மின்தடையைப் போடுங்கள். பல்புக்கு முனைவேறுபாடு கிடையாது, எல்இடிக்கு உண்டு. அதையும் மீட்டரில் பார்த்து மாட்டுங்கள்.

எல்இடியின் ஒளி நேராக முன்னால் பாய்வதால் திரையில் ஒரே இடத்தில் பொட்டு வைத்ததுபோல் தெரியும். அதன் தலையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டுப் பழைய பச்சைத் தொப்பியையே மாட்டினால் ஒளி பரவும், நிறமும் மாறாது. இடப்பக்கப் பல்பு இன்னும் எரிந்தாலும் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரு பாதிகளும் இரு வேறு நிறமாகத் தெரியும். புடு ஜாலான் பாசார் பக்கம் சென்றால் இவை எல்லாம் சில ரிங்கிட்டுக்குள் கிடைக்கும்.

செந்தூல் வாசகி

ஐயா, பல்பு முனையில் 13.9 வோல்ட் வந்தது. நீங்கள் சொன்ன அதே மின்தடையைப் போட்டு இரண்டையும் மாற்றிவிட்டேன். பொருள்களுக்கு ஆன செலவு மொத்தம் 11 ரிங்கிட். இன்று நண்பகல் பத்துமலை அடிவாரத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் 96.3 புள்ளியோடு முழுமையாகத் தெரிந்தது. அப்பா உங்களுக்குத் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.