லொக்-ஒன்: குறிபூட்டு, குறிபடு

வட்டக்கச்சியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை தமிழ்ச்சொல் தேடி, ஒரு விளையாட்டுச் சொல்லோடு வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

அக்காவின் மகனுக்கு 14 வயது. போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், தன் பிள்ளைகள் பாவித்துக் கழித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரேயொரு தட்டு: ஏஸ் கொம்பட் 7. 2019இல் வந்த, சண்டை விமானம் ஓட்டுகிற விளையாட்டு. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் பெடியன் வானத்தில்தான். இப்போது தான் ஓடுவதைப் பதிவுசெய்து, தமிழில் விளக்கம் பேசி, வகுப்புப் பிள்ளைகளுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறான். படத்தின் கீழே எழுத்துப் போட்டுக் கொடுப்பது என் வேலை.

வேகம், உயரம், ஏவுகணை எல்லாம் சிக்கலில்லாமல் போயின. தலைகீழாக விழுகிற மாதிரி இறங்கி அடிப்பதற்கு ஒரு சொல் தேடினேன். பிறகுதான் தேடவே தேவையில்லை என்று தெரிந்தது. போர்க்காலத்தில் குண்டு போட விமானம் இறங்கினால், ‘பதியுது’ என்று இங்கே கிழவி முதல் குஞ்சு வரை சொல்லும். பதிந்து எழும்பி அடித்தான் என்று பேப்பரிலும் எழுதினார்கள். அதையே போட்டுவிட்டேன்.

நான் முட்டிக்கொண்டு நிற்பது லொக்-ஒன் என்ற இடத்தில். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிரி விமானத்தைச் சுற்றித் திரையில் ஒரு பச்சைச் சதுரம் இருக்கும். நம் விமானத்தின் மூக்கு அதன் பக்கம் திரும்பி, தூரமும் கிட்டினால், சின்ன அடையாளமொன்று ஊர்ந்து போய்ச் சதுரத்தில் பொருந்தும். சதுரம் சிவக்கும். ஒலி மாறும். அதற்குப் பிறகு வட்டப் பொத்தானை அழுத்தினால், ஏவுகணை தானே அவனைத் தேடிப் போகும். சிவப்பதற்கு முன் அழுத்தினால், அது நேரே போய் எங்கேயோ விழும். இந்தப் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் நடப்பதற்குத்தான் சொல் வேண்டும். பெடியன் ‘லொக்காகிட்டுது’ என்கிறான்.

‘இலக்குப் பூட்டல்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கோயம்புத்தூரிலிருந்து

அன்புடையீர், நாங்கள் லாக்-ஆன் என்று எழுதுவதை நீங்கள் லொக்-ஒன் என்று எழுதுகிறீர்கள். இரண்டு கரையும் ஒரே மாதிரி எழுதுவதற்காகவாவது இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை ‘இலக்குப் பிடிப்பு’. எளிமையாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

ரொறன்ரோவிலிருந்து

தம்பி, பிள்ளை லொக் எண்டால் லொக். அவன்ர கூட்டாளிமாருக்கு விளங்குது தானே? விடுங்கோ. செய்திக்காரர் உலங்குவானூர்தி, உலங்குவானூர்தி எண்டு எத்தனை வருசம் வாசிச்சவை. வாசலில நிண்டு அண்ணாந்து பாத்த சனம் கடைசி மட்டும் ‘ஹெலி’ எண்டுதான் சொன்னது.

முல்லைத்தீவிலிருந்து

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விளையாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையான விமானத்தில் நடப்பதை ஓரளவு சொல்லலாம்.

ராடார் முதலில் வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். முற்றத்தில் டோர்ச் அடித்து அங்குமிங்கும் தேடுவதைப் போல. இடைக்கிடைதான் ஒவ்வொரு பொருளிலும் வெளிச்சம் படும். ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டால், துழாவுவதை விட்டுவிட்டு அந்த ஒன்றின் மேலேயே நிற்கும். அது திரும்பினால் இதுவும் திரும்பும். அந்த விமானத்தில் இருக்கிற உணர்கருவி, தன்மேல் படுகிற அலை மாறிவிட்டதை உணர்ந்து விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கும். வெப்பத்தைத் தேடிப்போகும் ஏவுகணை வேறு வகை. அது அலை எதையும் அனுப்பாது, எஞ்சினின் சூட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அதனால் அந்த உணர்கருவிக்கு அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே ‘பிடிப்பு’ சரியில்லை, ஐயா. பிடித்தால் பிடிபட்டது அசையாது. ‘பூட்டு’ அதைவிட மோசம். கதவைப் பூட்டுகிறோம், பெட்டியைப் பூட்டுகிறோம். ஓடிக்கொண்டிருப்பதை யார் பூட்டுவார்?

வட்டக்கச்சியிலிருந்து

டீச்சரின் கடைசிக் கேள்வியோடு இரண்டு நாள் திரிந்தேன். பதில் எங்கள் வளவுக்குள்ளேயே கிடந்தது.

ஓடுவதைத்தானே பூட்டுகிறோம், டீச்சர்! மாட்டை வண்டியில் பூட்டுவதில்லையா? அப்பா இருந்த காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்கு ‘எழும்பு, மாட்டைப் பூட்டு’ என்பதுதான் வீட்டில் கேட்கிற முதல் சொல். நுகத்தைத் தூக்கிக் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றைச் சுற்றி மாட்டிவிட்டால், மாடு போகிற பக்கம் வண்டி போகும். மாடு வெருண்டு வாய்க்காலுக்குள் இறங்கினால் வண்டியும் வாய்க்காலுக்குள்தான். (எனக்கு நடந்தது. முழங்காலில் தழும்பு இருக்கிறது.) நீங்கள் சொன்ன ‘அது திரும்பினால் இதுவும் திரும்பும்’ இதுதான். இப்போது உழவு முழுக்க லாண்ட்மாஸ்டரிலும் டிராக்டரிலும் என்றாலும், சவாரிக்கு மாடு பூட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல் செத்துப்போகவில்லை.

ஆங்கிலக்காரன் சாவியை நினைத்துச் சொன்னானோ, வேறெதை நினைத்தானோ, அது அவன் பாடு. நாங்கள் நுகத்தை நினைத்துச் சொல்வோம். என் முன்மொழிவு: ‘குறிபூட்டு’. வினையாக, ‘குறிபூட்டினான்’. நுகத்திலிருந்து எடுத்தால் இன்னொரு வசதியும் உண்டு. பூட்டினது கழலும். விளையாட்டில் எதிரி மேகத்துக்குள் புகுந்துவிட்டால், குறி பிசகிப் போகிறது. அதற்கு எழுத்துப் போட வழியில்லாமல் இருந்தேன். இப்போது ‘குறி கழன்றது’ என்று போடலாம்.

இனி இரண்டாவது விசயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பெடியன் மிராஜ் 2000 எடுத்து ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் கதிரையில் அம்மா, மடியில் சுளகு வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். விமானம் ஒருமுறை புரண்டபோது, அதன் முக்கோணச் செட்டை திரை முழுக்க விரிந்தது. அம்மாவின் கை நின்றுவிட்டது.

“இது கிபிர் எல்லோ?”

“இல்லை அம்மம்மா, மிராஜ். பிரான்ஸ்காரன்ர.”

அம்மா நம்பவில்லை. உண்மையில் அம்மா சொன்னதிலும் பிழை அதிகமில்லை. மிராஜ் 5இன் உடலில் அமெரிக்க எஞ்சினைப் பூட்டி (பாருங்கள், இங்கேயும் பூட்டுகிறோம்!) இஸ்ரேல் செய்ததுதான் கிபிர். குடும்பச் சாயல் அது. இலங்கைக்கு அது வந்தது 1996இல். அதற்குப் பிறகு இங்கே ஜெட் இரைந்தாலே கிபிர்தான், பிறகு மிக் என்ற வேறு ஜெட் வந்தபோதும் கிபிர்தான். ஆளில்லாமல் மேலே நின்று இரைந்தது ‘வண்டு’. எந்தக் குழுவும் கூடி எடுத்த முடிவில்லை அது. ஹீப்ரு மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி என்பது இங்கே யாருக்கும் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை ஒலி தொடங்கிவிட்டது. யாரோ எங்கள் பெடியனின் பின்னால் வந்துவிட்டான். “லொக் பண்ணிட்டான், லொக் பண்ணிட்டான்” என்று கத்துகிறான். ஒரு நிமிடத்துக்கு முன்புதான், தான் இன்னொருவனுக்குச் செய்தபோதும் இதே ‘லொக்’கைத்தான் கத்தினான். அம்மாவுக்கு யார் யாரைச் செய்தது என்று விளங்கவில்லை. “நீ அடிக்கிறியோ, அகப்பட்டிட்டியோ? ஒண்டைச் சொல்லு. அந்தச் சத்தத்தையும் குறை.”

ஒலியைக் குறைத்துவிட்டு யோசித்தேன். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எங்களுக்கு அது போதாது. அடிக்கிறவன் பக்கத்துக்கு ஒன்று, கீழே நிற்கிறவன் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். தமிழில் அதற்குத் தயாராக ஒரு வாசல் இருக்கிறது: அடிபடு, பிடிபடு, அகப்படு. அதே வரிசையில் ‘குறிபடு’. எதிரியை நீ குறிபூட்டுகிறாய், நீ குறிபடுகிறாய். திரையில் எச்சரிக்கை வரும்போது ‘குறிபட்டாய்!’ என்று போட்டால், அம்மாவுக்கும் விளங்கும்.

ரொறன்ரோ அண்ணை, ஹெலி வென்றதற்குக் காரணம் அது ஆங்கிலம் என்பதில்லை. இரண்டே எழுத்து, அதுதான். வண்டும் மூன்றே எழுத்துத்தான், அது தமிழ்! நீளச் சொல்லைத்தான் சனம் தள்ளுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து

நண்பரே, பூட்டு பற்றிய விளக்கத்துக்கு நன்றி. என் பங்குக்கு ஒன்று: வில்லில் நாண் பூட்டுவதும் இதே பூட்டுதான். பள்ளியில் படித்த பூட்டுவிற் பொருள்கோளை நினைத்துப் பாருங்கள். செய்யுளின் கடைசிச் சொல் முதற்சொல்லோடு போய்ச் சேரும், நாண் வில்லின் இரு முனைகளையும் சேர்ப்பது போல. ஆக எய்கிறவனுக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு உண்டு. ‘பிடிப்பை’ நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒற்று? குறிபூட்டா, குறிப்பூட்டா? குறியைப் பூட்டுதல் என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் மிகாது. குறியில் பூட்டுதல் என்று விரித்தால் மிக வேண்டும். ஏவுகணையைக் குறியில் பூட்டுவதாகத்தானே உங்கள் வண்டி உவமை சொல்கிறது?

இன்னொன்று, தயக்கத்தோடு சொல்கிறேன். ‘குறி’ என்று தனியே வந்தால் எங்கள் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள்.

முல்லைத்தீவிலிருந்து

எங்கள் பக்கத்தில் சிரிக்காமல் விடுவார்களா? வகுப்பின் பின்வாங்கு (கடைசி பெஞ்சு) சிரிக்கும். ஆனால் ‘குறி வைத்தான்’, ‘குறி தப்பியது’ என்று அதே வாங்குதான் மாங்காய்க்குக் கல்லெறியும்போது கத்துகிறது. ஒரு கிழமையில் பழகிவிடும். நான் பயப்படுவது ஒற்றுக்கு. ‘குறிப்பூட்டு’ என்று ப் போட்டு எழுதிப் பாருங்கள். குறிப்பு, ஊட்டு என்று பிரியும். பிள்ளைக்குக் குறிப்பு ஊட்டுவது! எங்கள் வகுப்பறைகளில் நடப்பது அதுதான் என்றாலும், சண்டை விமானத்துக்கு அது வேண்டாம். ப் இல்லாமலே இருக்கட்டும்.

‘குறிபடு’வுக்கு என் வாக்கு உண்டு. ஒரு திருத்தம் மட்டும். அலை மாறியதால் வருகிற எச்சரிக்கை வேறு, ஏவுகணை கிளம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வேறு. முதலாவதுக்குத்தான் குறிபடு. இரண்டாவதுக்கு ‘ஏவிவிட்டான்’ என்று நேரே சொல்லுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து

சரி தம்பி, தோற்றுப்போனேன். மகளிட்ட ‘குறிபட்டாய்’ எண்டு சொல்லிப் பாத்தன், உடன பிடிச்சிட்டாள். அப்ப, ஏவுகணையை ஏமாத்த நெருப்புப்பொறி மாதிரிக் கொட்டுவாங்களே, அதுக்கு என்ன வைச்சிருக்கிறியள்?

வட்டக்கச்சியிலிருந்து

டீச்சர் சொன்னபடியே ப் இல்லாமல் எழுதுகிறேன். ஐயா, இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குப் பலமில்லை. ஆனால் குறிப்பு ஊட்டுகிற பயம் எனக்கும் வந்துவிட்டது.

அண்ணை, நீங்கள் கேட்டதற்குச் சொல் கேட்கும்போதே வாயில் இருந்தது. கொன்ட்ரோலரின் இரண்டு குமிழையும் ஒன்றாக உள்ளே அழுத்தினால், விமானத்தின் பின்னால் சுடர்கள் கொட்டும். துரத்தி வருகிற ஏவுகணை சூட்டைக் கண்டு அந்தப் பக்கம் போய்விடும். அக்கா தன் கடைக்குட்டிக்குச் சோறு தீத்துவதும் இப்படித்தான். வாய் திறக்காத பிள்ளைக்கு ‘அங்க பார் நிலா, அங்க பார் காகம்’ என்று பராக்குக் காட்டுவார். பிள்ளை அண்ணாந்த கணத்தில் கவளம் உள்ளே போய்விடும். ஆகவே ‘பராக்குச்சுடர்’. பேச்சில் பிராக்கு என்றுதான் வரும், எழுத்தில் பராக்கு என்று வைப்போம். முன்பு இரவில் மேலே போட்டு ஊரைப் பகலாக்கிய வெளிச்சக்குண்டை இங்கே ‘பரா’ என்பார்கள். அது பரசூட்டிலிருந்து வந்த பரா, இதற்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் அம்மாவின் வயதுக்காரர் குழம்பக்கூடும் என்பதால்தான் சுடரைச் சேர்த்தேன்.

நேற்று மாலை எழுத்துப் போட்ட முதல் படத்தை வீட்டில் ஓடவிட்டோம். குறிபூட்டினான், குறி கழன்றது, குறிபட்டாய், பராக்குச்சுடர். எழுத்துக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, ‘பராக்குச்சுடர்’ திரையின் ஓரத்தில் வெட்டுப்படுகிறது, அதைத் திருத்த வேண்டும். மேகத்துக்குள் எதிரி புகுந்து குறி கழன்ற இடத்தில் மட்டும் அம்மா தலையாட்டினார். “மப்பெண்டால் அவங்கள் வரமாட்டாங்கள்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

அடுத்ததாக, இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று வால்பக்கம் பிடிக்கச் சுற்றிச் சுற்றித் துரத்துகிற சண்டைக்குச் சொல் வேண்டும். ஆங்கிலத்தின் டோக்-ஃபைட்டை ‘நாய்ச்சண்டை’ என்று மொழிபெயர்த்து யாரும் அனுப்ப வேண்டாம். பெடியன் ‘வால்பிடிச்சண்டை’ என்கிறான். வால்பிடி என்றால் இங்கே யாரைச் சொல்வார்கள் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. வயல்வெளியில் காகத்தைக் கலைத்துக் கலைத்துக் கொத்துகிற கரிக்குருவியைப் பார்த்தவர்கள் யாராவது, அதற்கு ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.