பின் அச்சுக்கு லாக்கரா, லிமிடெட் ஸ்லிப்பா? அனுபவசாலிகள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் பின்சக்கர இயக்கப் பிக்கப் டிரக்கில் இப்போது இருப்பது சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு, எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு). சென்ற மழையில், சுமை ஏதுமின்றி ஒரு களிமண் ஏற்றத்தில் ஏறியபோது, இடப்பக்கச் சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி வீணாகச் சுழல, கெட்டித் தரையில் நின்ற வலப்பக்கச் சக்கரம் அசையவே இல்லை. முறுக்குவிசை இரு பக்கமும் சமமாகவே பிரிவதால், வழுக்கும் சக்கரம் தாங்கும் அளவுதான் மற்றதற்கும் கிடைக்கிறது.

இரு சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர் பொருத்தினால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது வண்டியைத் தள்ளிவிடும். ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, ஈரமான தார்ச்சாலை வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வழுக்கவிடுமோ என்று அஞ்சுகிறேன். சுவிட்ச் போட்டுப் பூட்டும் வகையில் அந்தக் கவலை குறைவு என்றாலும், காற்றால் இயங்குவதாயின் கம்ப்ரசர், குழாய், ஒயரிங் என்று வேலை நீளும். லிமிடெட் ஸ்லிப் என்பது முழுதாகப் பூட்டாமல், ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதை ஓரளவு கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். அதில் கிளட்ச் தட்டுகள் கொண்ட வகை மென்மையாக வேலை செய்யும். தட்டுகள் நாளடைவில் தேயும். பல்சக்கர வகையில் அந்தத் தேய்மானம் இல்லை, ஆயினும் ஒரு சக்கரம் முழுதாகத் தூக்கிக்கொண்டால், பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டியிருக்கும்.

என் ஓட்டம் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான். மாதத்தில் நான்கைந்து நாள்களே சேறும் மணலும். மனம் சுவிட்ச் லாக்கரின் பக்கம் சாய்கிறது (பாதி ஆசை, பாதி கணக்கு). வெற்று வண்டியிலும் முழுச் சுமையிலும் இவற்றை ஓட்டிப் பழகியவர்கள், எதைப் பொருத்தினீர்கள், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் நின்று வழுக்காமல் காக்கும்) அமைப்போடு சிக்கல் ஏதும் வந்ததா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.