மறுநாள் கால் கனப்பது லாக்டிக் அமிலத்தாலா? ‘ஒரு மணி நேரம் மெல்ல ஓட்டு’ என்ற அறிவுரைக்கு என் மறுப்பு

முன்சக்கரம்:
சைக்கிள் பந்தயப் பயிற்சியில் கால் ஓய்ந்துபோகிறது என்று கேட்ட புதியவர் ஒருவருக்கு, ‘நேற்றைய கடும் ஓட்டத்தில் சேர்ந்த லாக்டிக் அமிலம் தொடையில் தேங்கி நிற்கிறது, இன்று ஒரு மணி நேரம் மெல்ல ஓட்டினால் அது கழுவிக்கொண்டு போய்விடும்’ என்று ஒற்றைக்கியர் பதில் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. கடும் முயற்சியின்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்), வண்டியை விட்டு இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு பகுதியைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. இரவு உறங்கி எழுந்தவரின் தொடையில் கழுவுவதற்கு எதுவும் மிச்சம் இருப்பதில்லை. மறுநாள் கால் கனப்பதற்குப் பெரும்பாலும் தசையில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் நிரம்பாததும், தசை நார்கள் முழு விசையுடன் சுருங்க இயலாதபடி களைத்திருப்பதுமே காரணம். இல்லாத ஒன்றைக் கழுவுவதற்காக ஓட்டச் சொல்வது, இருக்கிற கொஞ்சம் கிளைகோஜனையும் செலவழிக்கச் சொல்வதாகும்.

ஒற்றைக்கியர்:
தம்பி முன்சக்கரம், நான் 18 ஆண்டுகளாகப் பந்தயம் ஓட்டுகிறேன். ஒவ்வொரு கடும் பயிற்சிக்கும் மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் மெல்ல ஓட்டாமல் இருந்ததில்லை. முதல் கால் மணி நேரம் இரண்டு கால்களும் மரக்கட்டையாக இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் பெடல் தானாகச் சுழல்வதுபோல் இலகுவாகிவிடும். இதை என் கால் எனக்குச் சொல்கிறது. மெல்ல மிதித்தால் லாக்டேட் விரைவாக வெளியேறும் என்பது சோதனைக்கூடத்திலும் கண்ட உண்மை. தசையையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் ஆகியோருக்கு 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே கிடைத்தது. அவர்களைவிட நீங்கள் அறிந்தவரா?

முன்சக்கரம்:
அந்தப் பரிசு தசை வெப்பத்தையும், தசையில் ஆக்சிஜனுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பையும் கண்டதற்காகத் தரப்பட்டது. மறுநாள் கால் கனப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1980-களிலிருந்தே உடலியல் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ், லாக்டேட் கழிவு அன்று, உடல் ஓரிடத்தில் உண்டாக்கி வேறோர் இடத்தில் எரிக்கும் எரிபொருள் என்று விளக்கி வந்திருக்கிறார். மெல்ல மிதித்தால் அது விரைவாகக் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது ஓட்டம் முடிந்த உடனே நிகழ்வது. மறுநாள் காலையில் நிகழ்வதன்று. ‘மறுநாள்’ என்ற சொல்லுக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. மேலும், என்னைத் தம்பி என்று அழைக்காதீர்கள். என் வயது உங்களுக்குத் தெரியாது.

புதுமிதி:
கேள்வி கேட்டவன் நான்தான், ஐயா. என் எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச ஆற்றல், 240 வாட், எடை 64 கிலோ. செவ்வாய்க்கிழமை இடையிடையே ஓய்வு விட்டுக் கடுமையாக ஓட்டும் நான்கு நிமிட இன்டர்வல் ஐந்து முடித்தேன். புதன்கிழமை ஒற்றைக்கியர் ஐயா சொன்னபடியே ஒரு மணி நேரம் ஓட்டினேன்; சராசரி 170 வாட் காட்டியது. வியாழக்கிழமை காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன். அன்று மாலை 230 வாட்டில் எட்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வழக்கமாக 168-க்கு ஏறும் இதயத்துடிப்பு 151-இலேயே நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை, கால்தான் கெஞ்சியது. வரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் இருக்கிறது.

முன்சக்கரம்:
எல்லோரும் இந்த 170 என்ற எண்ணைப் பாருங்கள். 240-க்கு அது 71 விழுக்காடு. உடற்பயிற்சி ஆய்வாளர் ஆண்ட்ரூ கோகன் எஃப்டிபியை வைத்து வகுத்த ஆற்றல் மண்டலங்களின்படி மீட்பு ஓட்டம் என்பது 55 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 132 வாட்டுக்குள் அடங்க வேண்டும். புதுமிதி ஓட்டியது தாங்குதிறன் பயிற்சி. கடும் பயிற்சிக்கு மறுநாள் இன்னொரு பயிற்சியைச் செய்துவிட்டு, அதை மீட்பு என்று அவர் நம்பியிருக்கிறார். கால் கனக்க, மூச்சு வாங்காமல், இதயத்துடிப்பும் ஏற மறுத்தால், உடல் களைப்பைச் சுமக்கிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. ‘கழுவ வேண்டும்’ என்று சொன்னதால்தான் அவர் அழுத்தி மிதித்தார். அழுத்தினால் நன்றாகக் கழுவும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? தவறான காரணம் சொன்னால் தவறான அளவு வந்து சேரும் என்பதற்காகவே நான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

ஒற்றைக்கியர்:
நான் மெல்ல என்று எழுதினேன். 170 வாட் என்று எழுதவில்லை. அவர் வேகமாக ஓட்டியதற்கு என் மீது பழி போடுவது நேர்மையன்று. மெல்ல என்றால் மெல்ல. ஓட்டுகிறவனுக்கு அது தெரியும். மறுநாள் ஒரு மணி நேரம் ஓட்டினால் கால் தெளிகிறது. இது 18 ஆண்டு அனுபவம்.

காற்றெதிர்:
நான் ஒற்றைக்கியர் பக்கம். டூர் டி பிரான்சில் 21 கட்டங்களுக்கு நடுவே வழக்கமாக இரண்டு ஓய்வு நாள்கள் உண்டு. அந்த நாள்களிலும் வீரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓரிரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். உலகின் தலைசிறந்த கால்கள் ஓய்வு நாளில் ஓட்டும்போது, 240 வாட்காரர் படுத்திருக்க வேண்டும் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

முன்சக்கரம்:
நான் படுத்திருக்கச் சொல்லவே இல்லை. அந்த வீரர்கள் மூன்று வாரம் தினமும் பல மணி நேரம் ஓட்டிப் பழகிய உடலைத் திடீரென நிறுத்தினால் மறுநாள் கால் அடைத்துக்கொள்ளும் என்பதற்காக ஓட்டுகிறார்கள். லாக்டிக் அமிலத்தைக் கழுவுவதற்காக அன்று. அவர்களுக்கு மெல்ல என்பது நம்மில் பலருக்குப் பந்தய வேகம். என் கேள்வி மாறவில்லை: மறுநாள் காலையில் தொடையில் லாக்டிக் அமிலம் இருக்கிறதா, இல்லையா?

காற்றெதிர்:
ஓட்டுகிறார்களா, இல்லையா என்பதுதான் என் கேள்வி. ஓட்டுகிறார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

முன்சக்கரம்:
காரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒற்றைக்கியர்:
கால் ஓய்ந்துபோவதற்கு உண்மையான காரணம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காலில் வலு இல்லாததுதான். எல்லோரும் பெடலை நிமிடத்துக்கு 95 சுற்று என்று சுழற்றுகிறார்கள். நான் 65 சுற்றில் கனமான கியரைத் தள்ளி வளர்ந்தவன். சென்ற மாதம் இருக்கை உயரத்தைப் பற்றிய பேச்சிலும் இதே முன்சக்கரம்தான் என்னைத் திருத்த வந்தார். அன்றும் அவர் கணக்கு பேசினார். நான் வண்டி பேசினேன்.

முன்சக்கரம்:
அன்று உங்கள் இருக்கை மிகவும் தாழ்ந்திருக்கிறது, முழங்கால் முன்புறம் வலிக்கும் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து முழங்கால் வலி என்று நீங்களே எழுதினீர்கள். அது போகட்டும். சுற்று எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே 240 வாட்டை 90 சுற்றுக்குப் பதிலாக 60 சுற்றில் கொடுத்தால், ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு விசை தேவைப்படும். விசை கூடும்போது விரைவில் களைக்கும் தசை நார்களும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. அவை கிளைகோஜனை வேகமாகத் தீர்க்கின்றன. வலுப் பயிற்சியாக அளவோடு செய்யலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கால் களைத்த நாளில் அதைச் செய்வது எரிகிற வீட்டில் விறகு அடுக்குவதைப் போன்றது.

மேட்டுப்பாதை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டு கால்களும் கனப்பது வேறு. முழு வேகத்தில் ஒரே ஒரு கால் மட்டும் செயலிழந்து, நிறுத்திய சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது என்றால், அது பயிற்சிக் களைப்பாக இல்லாமலும் இருக்கலாம். நீண்ட காலம் குனிந்து ஓட்டும் வீரர்களுக்கு இடுப்புத் தமனி குறுகுவது உண்டு. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாரக்கணக்கில் கால் கனம் தீராவிட்டால் இரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்க வேண்டும்.

ஒற்றைக்கியர்:
எனக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருக்கின்றன. என் முழங்கால் வலி இருக்கையால் வந்ததன்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

புதுமிதி:
ஐயா, எனக்குப் புரிந்தவரை கேட்கிறேன். நாளை ஓட்டவா, வேண்டாமா?

முன்சக்கரம்:
வண்டியை எடுக்கவே மனம் வராவிட்டால் எடுக்க வேண்டாம். எடுத்தால் 120 வாட்டைத் தாண்டாமல் முப்பது நிமிடம் போதும். அடுத்த முறை கடும் பயிற்சியை அடுத்தடுத்து வைக்க நேர்ந்தால், முடித்த முதல் நான்கு மணி நேரத்தில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது மணிக்கு 64 முதல் 77 கிராம் வரை வரும். நன்றாக உறங்குங்கள். லாக்டிக் அமிலத்தை மறந்துவிடுங்கள்.

காற்றெதிர்:
ஆக, மறுநாள் மெல்ல ஓட்டச் சொல்லிவிட்டீர்கள். ஒற்றைக்கியர் சொன்னதும் அதுதான்.

முன்சக்கரம்:
அவர் கழுவச் சொன்னார். நான் கழுவச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் என்றும் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்கிறேன்: ‘தேங்கி நிற்கிறது’ என்ற சொல்லை ஒற்றைக்கியர் திரும்பப் பெறுவாரா?

ஒற்றைக்கியர்:
பெற மாட்டேன். நாளை காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறேன், ஒரு மணி நேரம்.