வெடிப்பலா மரத்தடியில் இரண்டு நாள்

யானைக்கு எதிரே போய் நின்றவர், ராஜநாகம் பாதையைக் கடக்கக் கண்டவர் என்று பலரும் நம் காட்டு அனுபவங்களைப் பகிரும் இந்தக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு மரத்தைப் பற்றி. அதன் அடியில் இரண்டு பகலும், அதற்கு எதிரே ஒரு திண்ணையில் இரண்டு இரவும் உட்கார்ந்திருந்தேன். போன பிப்ரவரியில் நடந்தது.

நான் குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரி, பள்ளி ஆசிரியை. அப்பா அரசு ரப்பர் கழகத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார். ரப்பர் முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு பச்சைக் கோடு தெரியும். அதுதான் காடு. நாற்பது வயது வரைக்கும் நான் அறிந்த காடு அவ்வளவுதான். கோதையாற்றுக்குக் குளிக்கப் போவோம், படம் எடுப்போம், திரும்புவோம்.

எங்கள் பள்ளியில் பேச வந்த ஓர் ஆய்வு மாணவிதான் என்னை அழைத்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் மலைக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தில் தங்கி, மழைக்காட்டு மரங்கள் எப்போது பூக்கின்றன, எப்போது காய்க்கின்றன என்று மாதந்தோறும் குறித்துவருகிறார்கள். விருப்பமுள்ள ஓரிருவரை அனுமதி வாங்கிக் கூட அழைத்துப்போகிறார்கள். நம் மலைகளில் 402 சதுர கிலோமீட்டர் 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. எனக்கு அந்தக் கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. தங்கியதற்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவில் என் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

பேச்சிப்பாறை, குற்றியாறு வழியாகப் பஸ். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அந்தப் பக்கத்துத் தரைப்பாலம் மூழ்கிவிடும், அதனால் பிப்ரவரி நல்ல மாதம். பிறகு ஜீப், பிறகு இரண்டு மணி நேர நடை. வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரப் பழங்குடி முதியவர். என்னை முதல் வார்த்தையிலிருந்தே "மக்களே" என்றுதான் கூப்பிட்டார். இரண்டு நாள் முன்பு ஒரு மழை பெய்திருந்ததால் அட்டைகள் எழும்பியிருந்தன. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக் கட்டியிருந்தும் ஒன்று விரலிடுக்கில் புகுந்துவிட்டது. பிடுங்கப் போன என் கையைத் தடுத்து, உப்பும் புகையிலையும் கட்டிய ஈரத் துணி முடிச்சால் அதைத் தொட்டார். சுருண்டு விழுந்தது. "பிடுங்கினால் புண்ணாகும், மக்களே."

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தகரக் கூரை, சூரிய மின்சாரத்தில் இரண்டு விளக்கு, கஞ்சியும் பயறும் காந்தாரி மிளகாய்த் துவையலும், எப்போது கேட்டாலும் கட்டன் சாயா. ஆனால் ஓர் அலமாரி முழுக்கப் பழுப்புக் காகிதப் பைகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த கொட்டைகள், மேலே தேதி, மர எண். காட்டு ஜாதிக்காய் இருந்த பையைத் திறந்து காட்டினார்கள். நம் தோட்டத்து ஜாதிக்காய்க்கு உறவு என்று பார்த்தவுடனே தெரிந்தது, கொட்டையைச் சுற்றியிருக்கும் பத்திரி கூட அதே சிவப்பு வலைதான். இருவாச்சி இதை முழுதாக விழுங்கி, பத்திரியைச் செரித்துவிட்டு, கொட்டையைத் தொலைவில் எங்கேயோ துப்பிவிடும். எல்லைக்கு அப்பால், கேரளத்தில், இந்தப் பறவையை மலமுழக்கி வேழாம்பல் என்கிறார்கள். அது சிறகடிக்கும் சத்தம் கேட்டேன், பறவையைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் என்னை அந்த மரத்தடிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கையில் ஒரு பலகை, அதில் ஒரு படிவம், ஒரு பென்சில். பேனா மழையில் கரையும் என்பதால் பென்சில்.

வெடிப்பலா. எங்கள் ஊரில் பலாவைச் சக்கை என்போம். சக்கை போலவே முள் முள்ளாகக் காய் பிடிக்கும், ஆனால் சிறியது. முற்றினால் வெடித்துத் திறக்கும், பெயர் அதனால் வந்தது என்றார் முதியவர். உண்மையில் சக்கையைவிட, குற்றாலத்தில் விற்கும் துரியன் பழத்துக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி மழைக்காடுகளில் உயர்ந்து நிற்கும் மரங்களில் முக்கியமானது. அண்ணாந்து பார்த்தேன். பூ இலைகளுக்கு நடுவில் இல்லை, கிளைகளின் கட்டையிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். இதழே கிடையாது. விரலின் பாதி நீளத்துக்குச் சதைப்பற்றுள்ள ஒரு குழல், மேலெல்லாம் தங்கப் பழுப்புத் தூள். விரலில் ஒட்டிய அந்தத் தூள் இரண்டு முறை கழுவிய பிறகுதான் போனது.

ஏழே முக்காலுக்கு மேலே கிளைகள் ஆடின. முதலில் கருமந்தி என்று நினைத்தேன். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி தெரிந்ததும் உடம்பு சிலிர்த்தது. சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை காட்டில் வாழ்வதில்லை. ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, என் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்தது. ஒரு பூவைப் பறிக்கும், அடிப்பாகத்தைக் கடித்து மெல்லும், மிச்சத்தைக் கீழே போடும். அடுத்தது. அவசரமே இல்லை. போட்ட ஒன்று என் பலகை மேலேயே விழுந்தது, பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் நான் கால்கூட மாற்றவில்லை.

படிவத்தில் 14 என்று எழுதினேன். மாணவி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், பதினான்கையும் ஒரே நேரத்தில் பார்த்தீர்களா?"

இல்லை. வருவதும் போவதுமாக இருந்தன.

"ஒரே நேரத்தில் அதிகமாகப் பார்த்தது எத்தனை?"

ஒன்பது.

"அப்படியானால் 'குறைந்தது 9' என்று எழுதுங்கள். போனதே திரும்பி வந்திருக்கலாம் இல்லையா?"

அடித்து எழுதினேன். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறவள் நான். கண்டதை மட்டும் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து இப்போது இதையே செய்யச் சொல்கிறேன்.

இரவில் வெளியே நடமாட அனுமதி இல்லை, அது நியாயமும்கூட. திண்ணையிலிருந்து கேட்டேன். தகரக் கூரைக்கு மேலே நீண்டிருந்த ஒரு கிளையிலிருந்து பூ விழும். டப். சிறிது நேரம் கழித்து, டப். வௌவால்களின் சிறகோசை வரும், போகும். ஒருமுறை சிவப்பு விளக்கில் இரண்டு கண்கள் மின்னின. பழுப்பு மரநாய் என்றார்கள், அதுவும் இந்த மலைத்தொடருக்கே உரியது. மரத்தடியில் ஒரு மீட்டர் சதுரமாக நான்கு குச்சி நட்டு நூல் கட்டியிருந்தார்கள். மாலையில் அதைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, காலையில் விழுந்திருந்ததை நான் எண்ணினேன்: 41 பூ, அதில் 29 கடிபட்டவை. பறிக்கிற வாய்கள் இவ்வளவு இருந்தும் மரத்துக்குக் காய் மிஞ்சுகிறதே என்று கேட்டேன். பூவைத் தின்ன வருகிறவர்களின் மூஞ்சியில் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகலாம் இல்லையா என்றார் மாணவி. இதே அகத்தியமலைத் தொடரில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் கக்கச்சிப் பக்கம், 1990களில் ஆய்வாளர்கள் கயிறு கட்டி மர உச்சிக்கே ஏறி, எந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு வலியைச் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது கீழே ஆற்றங்கரையில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பிரியாணிப் பொட்டலத் தாள்கள், உடைந்த குப்பிகள், பாறை இடுக்கில் குழந்தையின் டயப்பர். இந்தத் தண்ணீர் பேச்சிப்பாறைக்குத்தான் போகிறது. 1906-இல் கட்டி முடித்த அணை, இன்றைக்கும் நம் வயலுக்கு அதுதான் கதி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதியவர் ஒன்றும் பேசாமல் ஒரு சாக்கை எடுத்துக் குப்பிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். சாக்கு நிறைந்த பிறகும் பாதிக்கு மேல் அங்கேயே கிடந்தது.

தடிக்காரன்கோணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நல்ல பகிர்வு, டீச்சர். ஒன்று மட்டும் உறுத்துகிறது. இடத்தின் பெயரை எங்களுக்கே மறைக்க வேண்டுமா? என் தாத்தா மாறாமலையில் கிராம்பு பறித்தவர். அந்த முள்ளுக்காயை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்கு விளையாடத் தந்திருக்கிறார். மரத்தின் பெயர் வெடிப்பலா என்று இன்றைக்குத்தான் தெரியும். நம் காட்டை வெளியூர்க்காரர்கள் வந்து படிப்பதும், நாம் அனுமதிக் கடிதத்தோடு நிற்பதும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

என் பதில்:

அண்ணா, கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் நான் பொறுக்கியது பெரும்பாலும் நம் ஊர்க் கடைகளின் பொட்டலங்கள். பாதை தெரிந்தால் அவை அந்த மரத்தடிக்கும் வந்துவிடும் என்ற பயத்தில்தான் பெயரை எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் காளிகேசமே போதும், உங்களுக்குப் பக்கம்தான். அங்கேயும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், காலை ஏழு மணிக்கு முன்பே போங்கள், ஒரே இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காரவையுங்கள்.

அந்த முள்ளுக்காயைத் தாத்தா எந்த மாதத்தில் கொண்டுவருவார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? பள்ளி விடுமுறையா, ஓணத்துக்கு முன்பா பின்பா, எதுவாக இருந்தாலும் சரி. மாணவியிடம் சொன்னேன், குறித்துக்கொள்கிறேன் என்றார். மலைப்பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வேறு யாராவது கீழே விழுந்து கிடக்கும் தங்கப் பழுப்புக் குழல் பூவைப் பார்த்தால், தேதியை மட்டும் இங்கே எழுதுங்கள். இடம் வேண்டாம்.