நீர்க்கடுப்புக்கு வலி மாத்திரை போதுமா? கிருமியையும் கொல்லுமாமே!

ஓவர்லாக்_திருப்பூர்:
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். பீஸ் ரேட் என்பதால் மெஷினை விட்டு எழுந்தால் காசு குறையும். பாத்ரூமும் போகிற மாதிரி இருக்காது. அதனால் எங்கள் லைனில் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. பக்கத்து மெஷின் அக்கா, நீர்க்கடுப்பு வந்தால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார், மத்தியானத்துக்குள் எரிச்சல் அடங்கிவிடும். "அது கிருமியையும் கொல்லுமாம் கண்ணு, வாட்சப்பில் வந்துச்சு" என்கிறார். எனக்கும் இப்போது அதே எரிச்சல். டாக்டரிடம் போனால் அரைநாள் சம்பளம் போகும். உண்மையிலேயே கொல்லுமாங்க?

மருந்துக்கடை_அவிநாசி:
அம்மிணி, அந்த வாட்சப் செய்தியில் பாதி உண்மை. கொல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தவர்கள் டைக்ளோஃபெனாக் கிருமியின் டிஎன்ஏ உருவாவதைத் தடுக்கிறது என்று 2000-லேயே எழுதினார்கள். ஆனால் அது ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில். அங்கே பெரும்பாலான கிருமிகளை அடக்க ஒரு மில்லிக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை தேவைப்பட்டது. 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால் ரத்தத்தில் உச்சமாக ஏறுவதே ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராம் அளவுதான். சரி, சிறுநீரில் நிறையச் சேருமே என்று கேட்பீர்கள். கல்லீரல் அதை மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது, மருந்தாகவே சிறுநீரில் வருவது மிகக் கொஞ்சம்.

ஆளை வைத்தே பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சாதாரண நீர்க்கடுப்பு வந்த 253 பெண்களில் ஒரு பகுதியினருக்கு டைக்ளோஃபெனாக்கும் மற்றவர்களுக்கு நார்ஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் நாளில் தொல்லை தீர்ந்தவர்கள் ஆன்டிபயாட்டிக் பக்கம் 80 சதவீதம், வலி மாத்திரை பக்கம் 54. வலி மாத்திரை போட்டவர்களில் 6 பேருக்குக் கிருமி கிட்னிக்கே ஏறியது, மற்ற பக்கம் ஒருவருக்கும் இல்லை. பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகிறது என்பது உண்மை. உங்கள் லைன் அக்கா அந்தப் பாதியில் இருந்திருக்கலாம். நீங்கள் எந்தப் பாதி என்று மாத்திரைக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பக் கவலை தருவது இன்னொன்று. தண்ணீர் குடிக்காமல், வேர்த்து ஊற்றிக்கொண்டு இந்த மாத்திரையைப் போட்டால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையும். காய்ச்சலையும் அது அமுக்கிவிடும், கிருமி மேலே ஏறுவதே தெரியாது.

மாட்டுக்காரர்_காங்கேயம்:
எங்க பக்கம் மடிநோய்க்கு மாட்டு டாக்டர் மெலாக்சிகாம் ஊசியோடு ஆன்டிபயாட்டிக்கும் போடுவார். வீக்கத்துக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்பார். டைக்ளோஃபெனாக்கை 2006-லேயே மாட்டுக்குத் தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கிட்னி கெட்டுக் கூட்டமாகச் செத்தன. இப்போது நம்ம பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில்தான் கொஞ்சம் மிச்சம்.

ஓவர்லாக்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க அக்கா. அப்போ ஆஸ்பிரின் போடலாமா? வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்?

மருந்துக்கடை_அவிநாசி:
இரண்டும் வேண்டாம் அம்மிணி. ஆஸ்பிரின் உடலுக்குள் சாலிசிலேட்டாக மாறுகிறது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலி கிருமி சாலிசிலேட்டைக் கண்டால், ஆன்டிபயாட்டிக்கை வெளியே தள்ளும் பம்பைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்கிறது. இதுவும் ஆய்வகத்தில் பார்த்ததுதான், ஆனால் நமக்குச் சாதகமான சேதி இல்லை.

மிச்ச மாத்திரையைத் தொடும் முன் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது வளராமல் போகலாம். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையிலேயே போனால் ஷிஃப்டுக்கு முன் வேலை முடியலாம். கர்ப்பமாக இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ உடனே சொல்லுங்கள். குளிர் எடுத்தால், விலாவுக்குக் கீழே முதுகில் வலித்தால், வாந்தி வந்தால் சம்பளத்தைப் பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லதுங்க.