மறு: ‘சமநிலை’ வேண்டாம், ‘ஈடு’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். நம் ஆட்டச் சொற்பட்டியலில் ‘பேலன்ஸ்’ என்பதற்கு ‘ஈடு’ என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> மந்திரவாதியும் போர்வீரரும் ஒரே ஆட்டத்தில் எடுபடும்படி விதி அமைப்பதற்குச் ‘சமநிலை’ என்ற சொல்லே போதுமே. புதிதாக எதற்கு?

‘ஆட்டம் சமநிலையில் முடிந்தது’ என்று நாளிதழில் படித்தால், யாரும் ஜெயிக்கவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம். அதே சொல்லை இதற்கும் வைத்தால் குழப்பம்தான். அதைவிட முக்கியமான காரணம், நாம் தேடுவது சமம் அல்ல என்பது.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கோத்தகிரியில் ஞாயிறு மதியங்களில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் அது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கதை நடத்துவது நான். ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், எல்லோரும் ஐந்தாம் நிலையில் இருந்தார்கள். எதிரே ஆறு ஓர்க்குகள், அதாவது மூர்க்கமான அரக்கர்கள். மந்திரவாதி ஆடும் தம்பி தீக்கோளத்தை வீசினான். ஆறுபக்கப் பகடை எட்டை உருட்டி வரும் கூட்டுத்தொகைதான் சேதம், சராசரி 28. ஐந்து ஓர்க்குகள் அங்கேயே விழுந்தன. அடுத்து வீராங்கனையின் முறை. இரண்டு வெட்டு, இரண்டும் மிஞ்சிய அந்த ஒரே ஓர்க்கின் மேல். அந்தப் பெண் பகடையைக் கீழே வைத்துவிட்டு, வர்க்கி சுற்றி வந்த காகிதத்தை மடித்துக்கொண்டே, “அண்ணா, நான் சும்மா கதவுப் பக்கம் நின்னாப் போதும்ல?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

தப்பு என் பேரில்தான். ஒரு நாளைக்கு ஒரே சண்டை வைத்திருந்தேன். அந்த நிலையில் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒன்பது ஸ்லாட். தீக்கோளம் மாதிரி ஒரு மந்திரம் சொன்னால் ஒரு ஸ்லாட் செலவாகும். முழு ஓய்வு எடுத்தால்தான் அத்தனையும் திரும்பும். ஒரே சண்டை என்றால் அவர் எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்? எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாம். வீரரின் வாளுக்கோ அப்படிக் கணக்கு இல்லை, நாள் முழுக்க வெட்டலாம். அந்த நீளமான நாளை நான் கொடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு குகை. ஆறு சண்டை, நடுவில் ஒரு மணி நேரக் குட்டி ஓய்வு மட்டும். நான்காவது சண்டை முடிவதற்குள் தம்பியிடம், ஓய்வில் மீட்டதும் சேர்த்து, எல்லாம் தீர்ந்துவிட்டது. “நீ முன்னால போ” என்றான். குறுகலான வாசலில் அவள் நின்று தாங்கினாள். முடிந்ததும், “இன்னிக்கு ஈடு கொடுத்துட்டோம்ல?” என்றாள். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவள் வாயிலிருந்தே வந்தது.

ஈடு கொடுப்பது என்றால் அவரைப் போலவே ஆவது அல்ல. நம் வழியில் நின்று, அவர் பக்கத்தில் சோடை போகாமல் இருப்பது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, எல்லா வகையினருக்கும் ஒரே அச்சில் திறன்களைப் பங்கிட்டது. எண்கள் அழகாகச் சமமாயின. ஆனால் வாளும் மந்திரமும் கையில் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று பலர் குறைப்பட்டார்கள். அது சமன். பழைய பதிப்புகளில், உயிர்ப்புள்ளிக்கு (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்குக்கு) நாலுபக்கப் பகடையும் நாளுக்கு ஒரே ஒரு மந்திரமுமாகத் தொடங்கும் மந்திரவாதி, பிழைத்துக் கிடந்தால் பின்னாளில் ஓங்கிவிடுவார். அங்கே சமனும் இல்லை, ஈடும் இல்லை. முதலில் ஒருவர் சும்மா இருந்தார், பிறகு மற்றவர். மூன்றையும் பிரித்துச் சொல்ல ‘சமநிலை’ ஒன்றே போதுமா?

> ‘ஈடு’ என்றால் அடமானம் ஆயிற்றே. ‘ஈடின்மை’ என்றால் ஒப்பற்ற சிறப்பு என்று தலைகீழாகப் புரியுமே.

முதலாவது, சொல் வரும் இடத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும். ‘இழப்பீடு’ என்று படிக்கும்போது யாருக்கும் அடகுக் கடை நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. மூன்று நாள் யோசித்தேன். ‘ஈடின்மை’யை விட்டுவிடுவோம். ஈடு கெடும் நிலையை ‘ஈடுகுலைவு’ எனலாம். அன்று ஓர்க்குகள் முன்னால் நடந்தது அதுதான், இருந்த ஈட்டை நான் குலைத்தேன். விதியைத் திருத்தி மீட்பதற்கு ‘ஈடுசெய்தல்’ பொருந்தாது, அது நஷ்டத்தை நிரப்புவது. ‘ஈடுகட்டுதல்’ என்றாலும் அதே வாடை. ‘ஈடமைத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? வல்லவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்லாட். முன்பு ஒருவர் ‘மந்திர இடம்’ என்று எழுதியிருந்தார், எனக்கு அது நிற்கவில்லை. நாங்கள் பழைய பள்ளாங்குழிப் பலகையை மேசையில் வைத்து, ஸ்லாட்டுக்கு ஒரு சோழி போட்டு எண்ணுகிறோம். மந்திரம் சொன்னால் சோழியை எடுத்துவிட வேண்டும். இப்போது தம்பி “குழி காலி” என்கிறான், எல்லோருக்கும் புரிகிறது. ‘மந்திரக்குழி’யையும் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து